சுண்டுவிரலின் சுரங்கள்

போன மாத ஒத்திகையில் உங்களில் ஒருத்தி, செல்லோ வாசிக்கும் பெண், பாதியில் வில்லை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, சாரி. அந்த நோட்டு என்னோடது. நீங்களும் சேர்ந்து வாசிக்கிறீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் பியானோவை மூடினேன், கைப்பையை எடுத்தேன், வெளியே போய்விட்டேன். கிழவிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். கோபக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று வந்தது கோபம் இல்லை.

உங்களில் பலர் மற்றவர்களுக்குத் துணையாகப் பியானோ வாசிக்கும் வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். விரல் பயிற்சி, மிதிகட்டையை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு திறமையைப் பற்றி. அது என்னிடம் நிறைய இருந்தது. அதை வைத்துத்தான் என் புருஷனின் இடது கையை நான் கெடுத்தேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்துக் கிராணியின் மகள். கிராணி என்றால் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி மக்களுக்குப் பெரிய ஆள், தோட்டத்தை நடத்தும் தொரைக்குச் சின்ன ஆள். தொரையின் பங்களாவில் ஒரு பியானோ இருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை என்பது என் அப்பாவை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எனக்குப் பத்து வயது ஆனதும் கிள்ளானில் ஒரு கன்னியாஸ்திரி மடத்து விடுதியில் கொண்டுபோய் விட்டார். "படிப்பு எப்படியோ போவட்டும் சிஸ்டர். பியானோ மட்டும் வந்துரணும்" என்றார். அவர் சொன்னதை சிஸ்டர் அப்படியே எடுத்துக்கொண்டதால் என் கணக்குப் பாடம் இன்றுவரை மோசம்.

அந்த சிஸ்டரின் பெயரைச் சொல்லமாட்டேன். பெயர் வெளியே தெரிவதை அவர் விரும்பியதே இல்லை. முதல் மூன்று வருஷம் என்னைத் தனியாக வாசிக்கவே விடாமல், வயலின் படிக்கும் பெண்களுக்கெல்லாம் துணை வாசிக்க வைத்தார். ஒருநாள் ஒருத்தி இரண்டு வரியைத் தாண்டிப் போய்விட்டாள். நான் நிறுத்திவிட்டு, "தப்பா வாசிக்கிறா சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் சொன்னார்: "அவ செஞ்சது சின்ன தப்பு, நீ செஞ்சது பெரிய தப்பு. அவ தாண்டினா நீயும் தாண்டி இருக்கணும். நீ நிறுத்தினதாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. விழுறவங்களப் புடி. புடிச்சது யாருக்கும் தெரியக் கூடாது."

பதின்மூன்று வயதில் அதில் எனக்கு வெறியே வந்துவிட்டது. யார் எங்கே தாண்டினாலும் கூடவே தாண்டுவேன். ஒருத்தி மூச்சு வாங்க நின்றால் அந்த இடத்தை நிரப்பிவிடுவேன். மேடைக்கு அது சரியான பாடம், இன்றும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். சிஸ்டர் அதை மேடைக்குத்தான் சொன்னார், வீட்டுக்குக் கொண்டுபோனது நான்.

இனி என் புருஷன். சவரிநாதன். தஞ்சோங் காராங் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசரின் மகன். பதினெட்டு வயதில் ஊதுகுழல் வாசிக்கலாம் என்று சீருடைக்காரர்களின் பேண்டு ஒன்றில் சேர்ந்தார். பெரிய விருந்துகளில் வாசிக்கத் தந்தி வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டபோது, பேண்டு மாஸ்டர் வரிசையைப் பார்த்தாராம். "இருக்கிறதுலயே நெட்டையான ஆளு நீதான். இருக்கிறதுலயே நெட்டையான வாத்தியம் இதுதான். எடுத்துக்க" என்று, பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவைக் கையில் கொடுத்துவிட்டாராம். சவரி இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார், மூன்றாவது தடவை கேட்கிறவர்களுக்கும் சொல்வார். ஆனால் பேண்டுக்கு வந்துபோன ஒரு நல்ல வாத்தியாரிடம் ஆறு வருஷம் உட்கார்ந்து படித்தார். அவர் அடித் தந்தியை இழுத்தால் விருந்தில் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைப்பார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் முதல் சந்திப்பு கிள்ளானில், மாதா கோயில் மண்டபத்து கிறிஸ்மஸ் கச்சேரியில். வழக்கமான பியானோக்காரருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது பாட்டில் இவர் தாளைப் புரட்டும்போது இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது தெரியாமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார், நானும் கூடவே போனேன். மேடையை விட்டு இறங்கியதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நடுவுல என்னமோ தப்பு செஞ்சிட்டேன்னு நெனச்சேன். செய்யல போல" என்றார்.

"செஞ்சீங்க. ஒரு பக்கம் முழுசா விட்டுட்டீங்க" என்றேன்.

மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அப்ப ஒங்கள விட்டுட்டு நான் எங்கயும் வாசிக்க முடியாது லா" என்றார். அடுத்த வருஷம் கல்யாணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று அவர் தப்பை நான் ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லிவிட்டேன். யாரென்றே தெரியாத மனுஷனிடம், கூச்சமே இல்லாமல். அப்படிப்பட்ட பெண்ணாகத்தான் நான் இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சவரி பேண்டை விட்டு வந்தார். கோல சிலாங்கூரில் ஒரு குன்றின் அடியில் வாடகை வீடு பிடித்தோம். வாரத்தில் பாதி நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. செகிஞ்சானில் நெல் விவசாயம் செய்யும் சீனர் வீடுகளில் பியானோவுக்கு நான், வயலினுக்கு அவர். சனி ஞாயிறுகளில் கச்சேரி. சபாக் பெர்ணம் வரைக்கும் உள்ள தோட்ட கிளப்புகள், கோயில்கள், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்கள், கல்யாணங்கள். பழைய காரின் பின் சீட்டில் செல்லோ படுத்துக்கொண்டு வரும். கிளப் பியானோக்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ஒன்றில் நடுக் கட்டைகள் மூன்று எழும்பாது, இன்னொன்றின் உள்ளே பல்லி முட்டை இருந்தது. ஆனாலும் எங்களைக் கூப்பிட்டார்கள். சவரியும் லூர்துவும் வாசித்தால் ஒரு பிசகு இருக்காது என்று பெயர். லூர்து நான்தான்.

ஒருநாள் செகிஞ்சானில் வாய்க்காலை ஒட்டிய மண் சாலையில் அவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். எதிரே நெல் லோரி. ஒதுங்கியபோது சறுக்கி விழுந்து, இடது முழங்கை மதகுக் கல்லில் மோதியது. வீங்கியது, இரண்டு வாரம் கட்டுப் போட்டார், வீக்கம் வற்றியது. நாங்கள் மறந்துவிட்டோம்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தோட்ட கிளப்பில் விருந்து. நாங்கள் நூறு தடவை வாசித்த ஒரு மெதுவான பாட்டு. அதில் ஓர் உயரமான இடத்தில், செல்லோவின் இடது சுண்டுவிரல் தந்தியை அழுத்திப் பிடிக்க வேண்டிய சுரம் ஒன்று வரும். நோட்டு என்று நாம் சொல்வது அதைத்தான். அன்று அது வரவில்லை. வில் போனது, தந்தி அசைந்தது, வெறும் காற்றுச் சத்தம் வந்தது. என் வலது கை தானாகப் போய் அந்தச் சுரத்தைப் பியானோவில் தொட்டது. எனக்கு எழுதப்பட்ட பகுதியில் அது இல்லை. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கச்சேரியிலும் அதே இடம், அதே காற்று. மூன்றாவது தடவைக்கு முன்னால் என் பியானோ புத்தகத்தில் அந்த இடத்தில் பென்சிலால் அந்தச் சுரத்தை மெல்லிசாக எழுதிவைத்துக்கொண்டேன், மறந்துவிடக் கூடாது என்று.

ஒரே சுரத்தைச் சரியாக ஒரே நேரத்தில் பியானோவும் தொட்டால், கேட்கிறவர் காது இரண்டையும் சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொள்ளும். செல்லோ முழுசாக ஒலித்த மாதிரி இருக்கும். கூட்டத்தின் காதை ஏமாற்ற இது போதும் என்று எனக்குத் தெரியும். அவருடைய காதும் ஏமாறும் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த விரல் அப்போதே பாதி மரத்துப் போயிருந்தது. தந்தியை அழுத்தினோமா இல்லையா என்று விரலால் சொல்ல முடியாது. சொல்வதற்கு அவருக்கு மீதி இருந்த ஒரே சாட்சி காது. அந்தச் சாட்சியை நான் கலைத்துவிட்டேன்.

தஞ்சோங் காராங்கில் ஒரு பரிசளிப்பு விழா. மேடைக்குப் பின்னால் சவரி சுண்டுவிரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெரலு அப்பப்ப மரத்து போகுது லா" என்றார்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. காலையில எழுந்தா கொஞ்சம் இரும்பு மாதிரி இருக்கு. ஆனா வாசிக்கிறப்ப நல்லாதான் கேக்குது. ஒனக்கு எப்படி கேக்குது, லூர்து?"

வெளியே தலைமையாசிரியர் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்லாதான் இருக்குங்க" என்றேன்.

இந்த இடத்தில் நான் செய்தது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேடை ஏறப்போகிறவரிடம் உங்கள் விரல் போய்விட்டது என்று சொல்கிறவள் முட்டாள். ஆனால் வாசித்து முடித்ததும் சொல்லியிருக்கலாம். முடித்ததும் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அப்புறம் சாப்பாடு. காரில் அவர் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். மறுநாள் ஞாயிறு, பூசை. திங்கள் பிள்ளைகளின் பாடம். இப்படியே ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. ஒரு மாதம் சொல்லாமல் விட்டதை அப்புறம் சொல்வது இன்னும் கஷ்டம். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடச் சேர்ந்து வரும் அல்லவா?

தனியாகப் பயிற்சி செய்யும்போது அவருக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அவர் தனியாக இருக்க நான் விடவில்லை. வில்லை எடுக்கும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பியானோவில் உட்கார்ந்துவிடுவேன். "என்னா, இப்பெல்லாம் எம்மேல இவ்ளோ பாசம்?" என்று கேலி செய்வார். "கெழவனாவறீங்க, தனியா விட்டா தூங்கிருவீங்க" என்பேன். பக்கத்து வீட்டம்மா எங்களைப் பார்த்துத் தன் புருஷனைத் திட்டுவாள். அவ்வளவு நல்ல குடும்பம் நாங்கள்.

வருஷம் திரும்பியபோது என் புத்தகத்தில் பக்கத்துக்கு நாலைந்து பென்சில் சுரங்கள் இருந்தன. மோதிரவிரலும் மெதுவாகச் சேர்ந்துகொண்டது. சாப்பிடும்போது அவர் இடது கையைக் கவனித்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் சதை உள்ளே இறங்கியிருந்தது. பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், பயம். சொன்ன அன்றைக்கு எங்கள் ஜோடி முடிந்துவிடும் என்று பயந்தேன். நான் தனியாக வாசித்துப் பெயர் எடுத்தவள் இல்லை. அவர் இல்லாவிட்டால் நான் செகிஞ்சான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் மட்டும்தான். பயத்தோடு கூடவே கர்வமும் இருந்தது. இத்தனை ஓட்டையை அடைத்து, இத்தனை பேர் முன்னால், ஒருத்தருக்கும் தெரியாமல் வாசிக்கிறேனே, சிஸ்டர் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொள்வேன். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு பெரிய இசைக்குழுவில் செல்லோவுக்கு ஒரு நிரந்தர இடம் காலி. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். சவரிக்கு முப்பத்தொன்பது. கடிதத்தை அவர் எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது, மடித்த இடம் கிழியத் தொடங்கிவிட்டது. கிளப்பில் கோழிக்கறி வாசனைக்கு நடுவே வாசித்துக்கொண்டிருந்த மனுஷன். "இது ஒண்ணு கெடைச்சிட்டா போதும், லூர்து. நல்ல மண்டபத்துல, நல்லா வாசிக்கிறவங்களுக்கு நடுவுல ஒக்காந்து வாசிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

கடிதத்தின் கடைசி வரியில், தேர்வில் துணை வாசிக்க அவர்களே பியானோக்காரர் வைத்திருப்பதாக எழுதியிருந்தது.

அந்த ஆளுக்கு என் பென்சில் சுரங்கள் தெரியாது. தபாலாபீஸுக்குப் போய் போன் செய்து, என் கணவருக்கு நானே வாசிக்கலாமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இருபத்தொரு நாளும் காலையில் முடிவு செய்தேன்.

தேர்வு நாளன்று விடிகாலையில் கிளம்பினோம். ஈஜோக் வழியாகப் போய் சுங்கை பூலோவில் ஒரு முஸ்லிம் கடையில் பசியாற நிறுத்தினோம். இங்கே கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சவரி வலது கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, இடது கையால் தே தாரே கிளாஸைத் தூக்கினார். தூக்கிய கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது, சட்டையெல்லாம் டீ.

கடைக்காரர் துண்டோடு ஓடி வந்தார். "பரவால்ல சார், பரவால்ல. சுட்டுருச்சா?"

"சுடல பாய். இன்னிக்கு ஒரு பரீட்ச இருக்கு. கை நடுங்குது, அவ்ளோதான்" என்று சிரித்த சவரி, என் பக்கம் திரும்பினார். "பாரு, இந்த வயசுல பரீட்ச பயம். வெக்கமா இல்ல எனக்கு?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தக் கடவுளும் யாருக்கும் தரமாட்டார். வாயைத் திறந்தேன். "பயப்படாதீங்க. நல்லா வாசிப்பீங்க" என்றேன்.

அந்தக் கட்டடத்தில் ஒரு நீளமான நடைபாதை, சுவரோரம் நாற்காலிகள். கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். அந்த மெதுவான பாட்டைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். பியானோ தொடங்கியது. சுத்தமான வாசிப்பு, தாளில் உள்ளதை உள்ளபடி. செல்லோ சேர்ந்தது, அடித் தந்திகளில் இருக்கும்வரை அவர் அவராகவே இருந்தார். அப்புறம் உயரத்துக்குப் போனார். அந்த இடம் வந்தது. என் வலது கை மடியில் கிடந்தபடியே விரலை அழுத்தியது. கதவுக்கு உள்ளே வெறும் காற்று. இன்னொன்று, மறுபடியும் காற்று. கடைவாய்ப் பல் விழுந்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. நான் எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. எந்தெந்த இடம் என்று எனக்கு மனப்பாடம்.

பாதியில் யாரோ மரியாதையாக நன்றி சொல்லி நிறுத்தினார்கள்.

வெளியே வந்தவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வருத்தம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "யாரு அந்த ஆளு? என்னா பியானோ வாசிக்கிறாரு? பாதி நோட்ட முழுங்கிட்டாரு லா! நீ வாசிக்கிறதுல பாதி கூட வரல" என்றார். வழி நெடுக அதே பேச்சு. ஒரு கடிதம் எழுதிப் போடப் போகிறேன், உன் புத்தகத்தைப் பார்த்து எந்தெந்த நோட்டை அந்த ஆள் விட்டார் என்று ஒவ்வொன்றாக எழுதப் போகிறேன், இன்னொரு தடவை கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். நான் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர் தோற்றால் கோல சிலாங்கூரிலேயே என்னோடு இருப்பார் என்று ஆசைப்பட்டுத்தான் நான் பேசாமல் இருந்தேனா? இதை நான் எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. ஆனால் கேட்காமல் இருக்க முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பியானோ மேலிருந்த என் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒரு காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டார். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

முதல் பக்கத்தைப் புரட்டினார். பேனா நின்றது. ஜன்னல் பக்கம் புத்தகத்தைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். அச்சில் இருந்த சுரங்கள் கறுப்பு, அவற்றுக்கு மேலே என் பென்சில் சாம்பல் நிறம். விட்டுப்போனது என்று அவர் தேடிய சுரங்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருந்தன.

"இது ஒன் கையெழுத்து."

"ஆமாங்க."

"இதெல்லாம் என்னோட நோட்டு."

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"வர்ற கிறிஸ்மஸோட ரெண்டு வருஷம்."

செல்லோவை உறையிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் பியானோ பக்கம் ஓர் அடி வைத்தேன். "வராத" என்றார். அந்தப் பாட்டைத் தனியாக வாசித்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னை மட்டும் கேட்டார். ஒவ்வொரு காற்றுச் சத்தத்துக்கும் சுண்டுவிரலைக் குனிந்து பார்த்தார், யாரோ வேற்று ஆளைப் பார்ப்பது மாதிரி. கடைசிவரை வாசித்தார். நடுவில் நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கிள்ளான்ல அன்னிக்கு அஞ்சு நிமிஷத்துல சொன்னியே, லூர்து" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், வயது குறைவு, பொறுமைசாலி. முழங்கையைத் தட்டிப் பார்த்தார், விரல்களை விரிக்கச் சொன்னார், ஒரு காகிதத்தை விரலிடுக்கில் வைத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். காகிதம் லேசாக உருவிக்கொண்டு வந்தது. புறங்கையில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"முழங்கையில நரம்பு மாட்டிக்கிட்டு இருக்கு சார். இந்தப் பள்ளம் ஒரு நாள்ல விழுறது இல்ல. ஒன்றரை வருஷம் முன்ன வந்திருந்தீங்கன்னா ஒரு சின்ன ஆபரேஷன்ல வெரல் பெரும்பாலும் திரும்பி இருக்கும். இப்ப செஞ்சா இதுக்கு மேல கெடாம தடுக்கலாம். போனது வராது." கையை விட்டுவிட்டுக் கேட்டார். "நீங்க வாசிக்கிறவரு. சத்தம் மாறி இருக்குமே? வீட்லயாச்சும் யாரும் கவனிக்கலையா?"

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் சவரிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் வாய் திறந்தது.

"இல்ல டாக்டர்" என்றார் சவரி. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யாருக்கும் தெரியல."

இடைவெளியே இல்லை. டாக்டரின் கேள்வி முடிந்த இடத்தில் சவரியின் பதில் தொடங்கியது, ஒட்டுப் போட்டது தெரியாமல். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அந்த வித்தை என்ன என்று எனக்குத் தெரியும், நான் இருபது வருஷமாகச் செய்துகொண்டிருந்ததுதான். விழ இருந்த என்னைச் சவரி பிடித்துவிட்டார். பிடித்தது யாருக்கும் தெரியவில்லை. நானோ மறுபடியும் சும்மா இருந்தேன்.

ஆபரேஷன் ஆனது. டாக்டர் சொன்னபடியே மேலே கெடவில்லை, போனதும் வரவில்லை. சவரி அப்புறம் மேடை ஏறவில்லை. செகிஞ்சான் பிள்ளைகளுக்கு வயலின் ஆரம்பப் பாடம் மட்டும் கடைசிவரை சொல்லிக்கொடுத்தார். நெட்டை ஆளு, நெட்டை வாத்தியம் கதையை அப்புறம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம் என்று நான் பல நாள் ஏங்கியிருக்கிறேன். நான் மற்றவர்களுக்குத் துணை வாசிக்கப் போனேன், நல்ல பெயர் வாங்கினேன், உங்களுக்கெல்லாம் ஆன்ட்டி ஆனேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

போன மாதம் ஒத்திகைக்கு நீங்கள் எடுத்தது அதே மெதுவான பாட்டு. அந்தப் பெண்ணின் சுண்டுவிரல் நன்றாகத்தான் இருக்கிறது, சுரம் கணீரென்று வந்தது. என் விரல்தான் கேட்காமல் போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. அம்மா, அது உன் நோட்டுதான். நீ கேட்டது நியாயம். ஓர் ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளாமல் என் முகத்துக்கு நேரே சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துணை வாசிக்கிறவர்களே, மேடையில் விழுகிறவர்களைப் பிடியுங்கள், அது உங்கள் வேலை. கீழே இறங்கியதும், வேர்வையைத் துடைப்பதற்கு முன்னால், பிடித்ததைச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ளட்டும். ஜோடி உடைந்தால் உடையட்டும். நான் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்து வரவில்லை. பாத்திரம் கழுவும்போதும், பூசையில் முழங்கால் போடும்போதும், டாக்டர் பேனாவோடு காத்திருக்கிறார். சவரி பக்கத்தில் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும் டாக்டர். முதல் நாளிலிருந்தே தெரியும்.